களத்துமேடு

2013 மே மாதம் ஊருக்குப் போனபோது பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போனேன். நாச்சாரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் போர் தண்ணீர். பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் பாத்திரத்தில் நின்றால் மஞ்சள் கட்டும். மறுநாள் காலையில் அடியில் செங்கல் பொடிபோல ஒன்று படிந்திருக்கும். குளிக்க, துவைக்க அதுதான். குடிக்க கேன் வாங்குவோம்.

"காவிரித் தண்ணி ஓடுற ஊருக்கு இதையா தூக்கிட்டுப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். ஆமாம், அதற்காகத்தான் என்றேன்.

நாச்சாரம் என்றால் ஹைதராபாத்துக்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, என்.டி. ராமாராவின் ராமகிருஷ்ணா ஸ்டுடியோ. மற்றொன்று தொழிற்பேட்டை. நான் 1998இல் மன்னார்குடியில் வேதியியல் படித்துவிட்டு வந்து சேர்ந்தது தொழிற்பேட்டைக்கு. மாத்திரைக்கான மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை. குப்பியில் வருவதைச் சோதித்து, தேறும் தேறாது என்று கையெழுத்துப் போடுவது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது, ஊரில் ஓட்டு வீடு மெத்தை வீடானது. மாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மௌலாலி குன்றின் பாறை வெயில் இறங்கிச் சிவந்து நிற்கும். காற்றில் எப்போதும் ஒரு கரைப்பான் வாடை. பதினைந்து வருடத்தில் அந்த வாடை எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஊரிலிருந்து யாராவது வந்து மூக்கைச் சுளித்தால்தான் ஞாபகம் வரும்.

ஏப்ரல் கடைசியில் தம்பி போன் செய்தான். "அண்ணே, மீத்தேன்காரங்க நம்ம பக்கமும் வந்துட்டாங்க. மேலத்தெரு வயல்ல ஏதோ மெஷின வச்சு அளந்துட்டுப் போயிருக்காங்க."

எங்கள் ஊர் கோயில்வெண்ணிக்குப் பக்கம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் சாலியமங்கலம் தாண்டி, நீடாமங்கலத்துக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன் கோயில்வெண்ணி. வெண்ணாற்றங்கரை. அங்கே சிவன் பெயர் கரும்பேசுவரர். கட்டி வைத்த கரும்புபோல லிங்கத்தில் வரிகள் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்து ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் எறும்புக்குப் போடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த கோயில்வெண்ணி அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த வாத்தியாரையா தெரியவைத்தது வேறொரு வெண்ணி. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முன்பு, பட்டம் ஏறிய இளம்பிராயத்துக் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் பதினொரு வேளிரையும் எதிர்த்து நின்று வென்ற வெண்ணிப் பறந்தலை. சேரன் பெருஞ்சேரலாதன் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளியே வந்தது. முதுகில் புண் என்று ஆகிவிட்டதே என்று நாணி, வாளோடு வடக்கு நோக்கி உட்கார்ந்து, சோறு தண்ணீர் இல்லாமல் உயிர் விட்டான். அந்தப் போரைப் பற்றிப் பாடியவர்களில் ஒருத்தி இதே ஊர்க்காரி, வெண்ணிக்குயத்தியார். பானை வனையும் குலத்துப் பெண். ஊரை ஆளும் சோழனின் முகத்துக்கு நேரே, நீ வென்றாய், ஆனால் உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று தோற்றவன் பக்கம் நின்று கேட்டாள். புறநானூற்றில் 66ஆம் பாட்டு. வாத்தியாரையா அந்தப் பாட்டை நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவார். ஜன்னலுக்கு வெளியே வயல்தான் இருக்கும்.

சங்கப் பாட்டில் பேர்போன இன்னொரு களமும் திருவாரூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் சேர சோழரோடு ஐந்து வேளிரையும் வென்ற தலையாலங்கானம். இன்றைக்குத் தலையாலங்காடு, குடவாசல் பக்கம். இந்த இரண்டு களத்தையும் சுற்றியுள்ள நாட்டைத்தான் 'மன்னார்குடி பிளாக்' என்று ஒரு வரைபடத்தில் கோடு போட்டிருந்தார்கள். 691 சதுர கிலோமீட்டர். 2010இல் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற நிறுவனத்துக்கு அந்த பிளாக் ஒதுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம். 2012 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எங்கள் தெருவில் மீத்தேன் என்ற சொல்லே வந்தது.

என்ன செய்வார்கள் என்பதை ஊருக்கு நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவன் நான் ஒருவன். பூமிக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதன் துளைகளில் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. பாரம் குறைந்தால் வாயு கிளம்பும். அதற்கு முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும், மாதக் கணக்கில், வருடக் கணக்கில். இறைத்த தண்ணீர் உப்பாக இருக்கும், அதை எங்கேயாவது விட்டாக வேண்டும். மேல்மட்டத்து ஊற்று இறங்கினால், கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற சமவெளியில், அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் உள்ளே வரும்.

"போர் போடுவாங்க, அவ்வளவுதானே. நாமளும்தான் போர் போட்டிருக்கோம்" என்றார் ஒருவர்.

போர் என்ற சொல் எங்கள் பக்கத்தில் எத்தனை வேலை செய்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். ஆழ்குழாய் போட்டாலும் போர். வைக்கோலை அடுக்கினாலும் போர். கதிர் அடித்தால் போரடிப்பு. வேலெடுத்து நின்றாலும் போர். களமும் அப்படித்தான். கரிகாலன் நின்றது களம், என் அம்மா உளுந்து காயப்போடுவதும் களம்.

அந்தக் களத்துமேட்டில்தான் கூட்டம் போட்டார்கள். ராத்திரி எட்டு மணி. கரண்ட் இல்லை, அரிக்கேன் விளக்கும் இரண்டு செல்போன் வெளிச்சமும். ஆண்கள் ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளி பெண்கள். பாட்டில்களை எடுத்து வைத்தேன். ரயிலில் இரண்டு ராத்திரி குலுங்கி வந்ததில் முழுக்கக் கலங்கி, ஆறிப்போன டீபோல இருந்தது. இது நான் இருக்கிற தெருவின் தண்ணீர், யார் கலந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் முடியாது, முதலில் இதுவும் நல்ல தண்ணீராகத்தான் இருந்திருக்கும் என்றேன். பாட்டில் கை மாறிப் போயிற்று. ஒருவர் குலுக்கிப் பார்த்தார். ஒருவர் விளக்குக்கு நேரே தூக்கினார். பெண்கள் பக்கம் போனபோது என் அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதுலயா குளிக்கிற?" என்றாள். "பிள்ளைங்களுமா?"

பதினைந்து வருடமாக அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது. அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு நான் பேசிய எதுவும் எனக்கு நினைவில்லை.

கூட்டம் முடிந்து வரப்பில் நடக்கும்போது தம்பி நின்றான். போன வருடம், 2012இல், காவிரியும் வரவில்லை மழையும் இல்லை. டெல்டா முழுக்கச் சம்பா கருகிய வருடம் அது. எங்கள் மூன்று ஏக்கரில் மாட்டுக்குப் போடக்கூட வைக்கோல் தேறவில்லை. தம்பி பெண்டாட்டியின் சங்கிலி கூட்டுறவு பாங்கில் இருந்தது.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீ பேக்டரியில மாசச் சம்பளம் வாங்கற. உனக்கு ஒண்ணாந்தேதின்னா ஒண்ணாந்தேதி. நான் ஆத்துல தண்ணி வருமான்னு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். இங்க ஒரு கம்பெனி வந்தா என் பய அங்க வேலைக்குப் போவானா மாட்டானா? அத வேணாங்கற உரிமை எனக்கு இருக்கு, இந்தத் தெருவுக்கு இருக்கு. உனக்கு எப்படிண்ணே இருக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் சரியான பதில் என்னிடம் இல்லை. ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது என் சோறு. ஆலை எங்கே நிற்கலாம், எதன் மேல் நிற்கக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டல்லவா, அதைத்தான் அன்று இருட்டில் தட்டுத் தடுமாறிச் சொல்லப் பார்த்தேன். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். சம்மதித்தானா என்று தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை ஜீப் வந்தபோது முதலில் ரோட்டுக்கு ஓடியவன் அவன்தான்.

ஜீப்பில் டிரைவரும் இரண்டு பேரும். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பையன் முக்காலியும் கருவியும் எடுத்து வரப்பில் இறங்கினான். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். பெண்கள் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ கருவியின் காலைப் பிடித்து இழுத்தார்கள். பையன் கைகூப்பிக்கொண்டு ஏதோ சொன்னான். தெலுங்கு. எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. கூட்டத்தை விலக்கிப் போய் தெலுங்கில், பயப்படாதே, யாரும் அடிக்க மாட்டார்கள் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, மீரு?"

"நாச்சாரம்."

"நேனு மல்லாபூர் அண்ணா!"

எங்கள் வீட்டிலிருந்து மல்லாபூர் நடக்கிற தூரம். தினக்கூலிக்கு ஒரு காண்டிராக்டர் அழைத்துவந்த பையன். எதற்கு அளக்கிறோம் என்று அவனுக்கும் சொல்லவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றான். அம்மாவே போய் நீச்சத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை, அவன் குடிப்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குடித்து முடித்துச் சொம்பைக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான், இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று. இது போர் நடந்த இடம் என்று அவன் மொழியில் சொன்னேன், "இக்கட யுத்தம் ஜரிகிந்தி." அவன் பதறிப்போய் "எப்புடு?" என்றான். நேற்றோ முந்தாநாளோ என்று நினைத்திருப்பான். ஆயிரத்தெண்ணூறு வருடம் என்றதும் சுற்றும் முற்றும் பார்த்தான். மே மாத வயல். பயறு எடுத்த பிறகு வெடித்துக் கிடக்கும் களிமண், தூரத்தில் இரண்டு பனை, தண்ணீரில்லாத வாய்க்கால்.

"இக்கட ஏமீ லேது கதா அண்ணா" என்றான். இங்கே ஒன்றும் இல்லையே.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாத்தியாரையா அதற்கு முன்பே ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருந்தார், வெண்ணிப் பறந்தலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும் என்று. நேரில் போனபோது அங்கேயும் இதைத்தான் கேட்டார்கள். கட்டடம் உண்டா, கல்வெட்டு உண்டா, தோண்டி எடுத்த பொருள் உண்டா? பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டத்துக்கு ஒரு கட்டுமானமோ, குகையோ, கல்லெழுத்தோ, புதைந்த இடிபாடோ வேண்டும். பாட்டு மட்டும் போதாது. பானிபட்டில் நினைவுத்தூண் இருக்கிறது, பிளாசியில் இருக்கிறது. ஹைதராபாத்தில் கோல்கொண்டா இருக்கிறது. 1687இல் எட்டு மாதம் ஔரங்கசீப்பின் படை முற்றுகையிட்ட மதில் அப்படியே நிற்க, ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளோடு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன். கல்லால் கட்டியவன் போர் நிற்கிறது. வெண்ணியில் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கல் எதையும் விட்டுப்போகவில்லை. அதன் மேல் உழுதார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். வருடத்துக்கு இரண்டு போகம் என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் தடவை அந்த மண் புரண்டிருக்கும்!

கூட்டத்தில் நின்ற வாத்தியாரையாவிடம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் ஓட்டுச் சில்லுகள் இருந்தன. வாய்க்கால் தூர்வாரும்போது பொறுக்கியவை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதை அந்தப் பையனின் உள்ளங்கையில் கொட்டினார். நான் மொழிபெயர்த்தேன்.

"இது சண்டையில உடைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன்பா. வெண்ணிக்குயத்தி வனைஞ்சதுன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா அவ மண்ணெடுத்தது இங்கதான். இத ஒரு தடவை தோண்டிட்டா, உப்பேறிடுச்சுன்னா, அப்புறம் சட்டி வனையவும் உதவாது, நாத்து விடவும் உதவாது."

பையன் சில்லு ஒன்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு முக்காலியை மடக்கினான். ஜீப் திரும்பிப் போயிற்று. அன்று ராத்திரியிலிருந்து தெருவுக்கு இரண்டு பேர் என்று முறை போட்டு ரோட்டில் படுத்தார்கள். என் முறை இரண்டு ராத்திரி வந்தது. கொசு, வெக்கை, தூரத்தில் ரயில் சத்தம். எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போக ஒருநாள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கேஸ் போடுவோம் என்றார்கள். தம்பி பெயர்தான் முதலில் இருந்தது. அம்மா அன்று சோறு சாப்பிடவில்லை.

அந்த வருடம் டெல்டாவில் ஊர் ஊராக இதுதான் பேச்சு. நம்மாழ்வார் ஐயா பச்சைத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தார். நீடாமங்கலம் பக்கம் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். மைக் சரியாக வேலை செய்யவில்லை, அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். வேளாண்மை படித்தவர், அரசு வேலையை விட்டவர், எழுபத்தைந்து வயதுக்காரர், பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிலத்தடி நீரைப் பற்றிச் சொன்னார். அவர் பேச்சில் கரிகாலன் வரவில்லை. தண்ணீரும் விதையும்தான் வந்தன. வாத்தியாரையாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. அந்த வயல் நெல் விளைகிற வயலாக இருக்கிற வரைக்கும்தான் அது வெண்ணி. நெல்லைக் காப்பாற்றினால் களம் தானே இருக்கும்.

ஜூலையில் நான் நாச்சாரத்தில் இருந்தபோது முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்திவைத்து ஒரு வல்லுநர் குழு போட்டார். தம்பி போனில் கத்தினான், பின்னால் வெடிச் சத்தம். டிசம்பர் 30ஆம் தேதி மறுபடியும் போன். அதே மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் தங்கியிருந்த நம்மாழ்வார் இறந்துபோனார். தம்பியால் பேச முடியவில்லை. எங்கள் அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. மதிய ஷிப்டில் சோதனைக்கூடத்து வாஷ்பேசின் முன்னால் நின்று நானும் அழுதேன்.

2015 அக்டோபரில் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று தமிழ்நாடு அரசு முடிவாகச் சொன்னது. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 2017இல் நெடுவாசலில் இதே மாதிரி ஒரு போராட்டம், அதே வருடம் கதிராமங்கலத்தில் இன்னொன்று. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. 2023 மார்ச் கடைசியில் மறுபடி நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று பெயர்கள் வந்தன. எங்கள் பக்கத்து ஊர்கள் மறுபடி ரோட்டுக்கு வந்தன, சில நாட்களில் ஒன்றிய அரசு அந்த மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு முறையும் தம்பி போன் செய்வான். இப்போதெல்லாம் அவன்தான் எனக்கு விளக்குகிறான், எந்த பிளாக், எத்தனை ஏக்கர், எந்த அறிவிப்பு என்று.

வாத்தியாரையா 2016இல் போய்ச் சேர்ந்தார். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் அவர் பேத்தியிடம் இருக்கிறது. நான் பார்த்த வரைக்கும் வெண்ணிக்கு ஒரு பலகைகூட இல்லை. ஒரு பலகை வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், வெண்ணிக்குயத்தியார் பெயரைப் போட்டு, ரயில்வே ஸ்டேஷன் வாசலிலாவது. கரிகாலன் பெயர் கீழே இருந்தால் போதும்.

சட்டம் வந்த வருடம், மார்ச்சில், தொற்றுக்காக ஊரடங்கு போடுவதற்குச் சில நாள் முன்பு ஊருக்குப் போயிருந்தேன். அறுவடை முடிந்து களத்தில் உளுந்து. அடுப்படி மாடத்தில் எதையோ எடுக்கப்போனபோது எண்ணெய்ச் சீசாக்களுக்குப் பின்னால் அந்த இரண்டு பாட்டில்கள். நான் மறந்தே போயிருந்தேன். தண்ணீர் பாதி குறைந்து மேலே தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பாக வண்டல். மூடியில் நூல் சுற்றி, மஞ்சள் துணி முடிந்திருந்தாள் அம்மா, பிள்ளைகள் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று.

"ஏம்மா இத வச்சிருக்க? கொட்டிட வேண்டியதுதானே."

"எங்க கொட்டுறது?" என்றாள் அம்மா. "கொல்லையில கொட்டவா? வாய்க்கால்லயா? எந்த எடத்துல கொட்டுனாலும் அது நம்ம மண்ணுலதான் போவும். ஏழு வருசமா யோசிக்கிறேன்."

திரும்பும்போது பையில் வைத்துக் கொடுத்துவிட்டாள். மன்னை எக்ஸ்பிரசில் சென்னை, அங்கிருந்து செகந்திராபாத், அங்கிருந்து ஆட்டோ. நாச்சாரம் வீட்டில் குளியலறைத் தண்ணீர்ப் போக்கியில் இரண்டு பாட்டிலையும் கவிழ்த்தேன். வண்டல் லேசில் இறங்கவில்லை. குழாயைத் திறந்து, அதே போர் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன்.